சொன்ன சொல்லில்

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
பதினோரு வருஷமாகச் சாட்சிகளைத் தட்டச்சு செய்கிறேன்.
வாயிலிருந்து வருவது ஒன்று,
தாளில் ஏறுவது வேறு.
"அடிச்சான்" என்றால் "தாக்கினார்".
"புடுங்கிட்டு ஓடிட்டான்" என்றால் "பறித்துச் சென்றார்".
எல்லாருக்கும் ஒரு "ஆர்" போட்டுவிடுவோம்,
வெட்டியவனுக்கும்.

செவ்வாய்க்கிழமை.
சிப்காட் பக்கமிருந்து காற்று, ஜன்னலைச் சாத்தியாயிற்று.
கூண்டில் வேம்பரசி,
முதுநகரில் இறால் உரிக்கும் கம்பெனி.
ஐஸில் ஊறி வெளுத்த விரல்நுனிகளைக்
கூண்டுக் கம்பியில் வைத்துக்கொண்டு
"சூப்பர்வைசரு எங்கிட்ட சேட்ட பண்ணாரு" என்றாள்.
அந்த "ஆர்" நான் போட்டதில்லை.

என் விரல்களுக்குப் பழக்கம்.
"தவறான முறையில் நடந்துகொண்டார்" என்று
அவை பாட்டுக்கு அடித்து முடித்தன.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்,
கண்ணாடியை அங்கி நுனியில் துடைத்தபடி.
"சேட்டைன்னா என்னம்மா?
எம் பேரன்கூடத்தான் சேட்டை பண்றான்.
நேத்து என் செருப்பைக் கெணத்துல போட்டுட்டான்."
பின்பெஞ்சில் சிரிப்பு.
சிரிப்பைத் தட்டச்சு செய்யும் வழக்கமில்லை.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.
"எங்க பையனும் பண்ணுவான் சார்.
பண்ணிட்டு எம் மூஞ்சியப் பாப்பான்,
நான் சிரிக்கிறனான்னு.
இவரு கதவப் பாத்தாரு,
யாராச்சும் வராங்களான்னு."

சாப்பாட்டு நேரத்தில்
ஆபீஸ் அலமாரியில் அட்டை கிழிந்த அகராதியை எடுத்தேன்.
சேட்டை: செய்கை, உறுப்பின் அசைவு.
சேட்டை: குறும்பு.
சேட்டை: மூதேவி.
ஒரே சொல்லுக்குள் மூன்று குடித்தனம்.
முதல் வீட்டுக்காரர் நல்ல மனுஷர்,
கையைத் தூக்கினாலும் சேஷ்டை, கண் இமைத்தாலும் சேஷ்டை.
தமிழுக்கு வந்து "ஷ்" உதிர்ந்த பிறகுதான்
வால் முளைத்திருக்கிறது.
மூன்றாம் வீட்டின் பெயரைச் சொல்லித் திட்டுவது
யாரையென்று
அகராதி எழுதவில்லை. எழுதத் தேவையுமில்லை.

நடத்தைக்கும் பக்கம் புரட்டினேன்.
என் மகன் வேறு பள்ளிக்கு மாறியபோது
மாற்றுச் சான்றிதழில் "நடத்தை: நன்று" என்று
அவனைப் பார்க்காமலே எழுதித் தந்தார்கள்,
தலைமையாசிரியர் ஸ்கூட்டரில்
காற்றைப் பிடுங்கிவிட்டவன் அவன்.
பேப்பரில் "நடத்தையில் சந்தேகம்" என்று தொடங்கினால்
அடுத்த வரியில் அரிவாள்.
செத்தது பெண் என்று
பெயர் படிக்காமலே தெரியும்.
ஆணின் நடத்தையில் யாரும் சந்தேகப்படுவதில்லை.
அவனுக்கென்று "சில்மிஷம்" வைத்திருக்கிறோம்,
மிட்டாய்க்கு வைக்கிற மாதிரி ஒரு பெயர்.

நானே எத்தனை முறை அடித்திருக்கிறேன்.
கை நடுங்கியதில்லை.
டீ ஆறிவிடுமே என்றுதான் கவலை.

மதியம் வக்கீல் மறுபடி,
"உங்க நடத்தை சம்பந்தமா உங்க வீட்டுக்காரரே..."
"அந்தக் கேள்வி வேண்டாம்" என்றார் ஜட்ஜம்மா.
திரையில் "நடத்" வரை வந்திருந்தது.
மூன்றெழுத்தையும் அழித்தேன்.
சொல்லப்பட்டது எல்லார் காதிலும் இருந்தது.

படித்துக் காட்டும்போது வேம்பரசி நிறுத்தினாள்.
"தவறான முறையில நடந்தாருன்னு
நான் சொல்லலீங்களே.
நடக்கல அவரு. நின்னுக்கிட்டுதான் இருந்தாரு."

ஜட்ஜம்மா என் பக்கம் திரும்பி,
"அவங்க சொன்ன சொல்லையே போடுங்க."

சேட்ட.
ஐகாரம்கூட இல்லாமல் அடித்தேன்.
கம்ப்யூட்டர் அடியில் சிவப்புக் கோடு போட்டது,
திருத்தவா என்று கேட்டது,
வேண்டாமென்றேன்.

கையெழுத்துப் போடக் குனிந்தவள்
பேனாவைத் தாளில் வைக்காமல்
மெதுவாகக் கேட்டாள்:
"கதவப் பாத்தாருன்னு சொன்னனே,
அது ஏறிச்சாங்க?"

ஏறியிருக்கிறது என்று
வரியைத் தொட்டுக் காட்டினேன்.